ஒரே வளாகம், இரண்டு கணக்குகள்

(ஐதராபாத்தில் தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அணு ஆயுதப் பரவல் என்றதும் நம் மனம் வியன்னாவுக்கும் வாஷிங்டனுக்கும் தெஹ்ரானுக்கும் ஓடுகிறது. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஈ.சி.ஐ.எல். பேருந்து ஏறி இறங்கினால் எட்டிவிடும் இடத்தில், மௌலா அலிப் பக்கம், அந்த விவகாரம் முழுவதும் ஒரே மதிலுக்குள் அடங்கியிருக்கிறது. அணு எரிபொருள் வளாகம். இந்த ஊரில் எல்லோருக்கும் அது என்.எஃப்.சி. 1971இல் அமைக்கப்பட்டது. இந்தியாவின் கனநீர் உலைகளுக்கான எரிபொருள் அரை நூற்றாண்டாக அங்கேதான் உருவாகிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் இந்த அவையில் இருப்பீர்கள். நான் சொல்லப் போகும் பல விஷயங்களை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஆனாலும் அவற்றை ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது என்று நினைக்கிறேன்.

முதலில் அங்கே நடக்கும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஜார்க்கண்டின் ஜாதுகுடாவிலிருந்தும், நம் பக்கத்துக் கடப்பை மாவட்டத்துத் தும்மலப்பள்ளியிலிருந்தும் யுரேனியத் தாது, ஆலையில் ஒருமுறை சுத்தம் செய்யப்பட்டு, மஞ்சள் தூளாக வருகிறது. அதை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள், கரைப்பான் கொண்டு மற்ற தனிமங்களைப் பிரித்தெடுக்கிறார்கள், படிய வைக்கிறார்கள், சூடாக்குகிறார்கள். கடைசியில் யுரேனியம் டை ஆக்சைடு என்ற கரும்பொடி கிடைக்கிறது. அதைச் சுண்டுவிரல் நுனி அளவுள்ள வில்லைகளாக அழுத்தி, ஏறத்தாழ 1,700 டிகிரி வெப்பத்தில் சுட்டு, மெல்லிய உலோகக் குழாய்களில் அடுக்கி, முனைகளை மூடிப் பற்றவைக்கிறார்கள். 19 குழாய்களைச் சேர்த்துக் கட்டினால் ஓர் எரிபொருள் கட்டு. அரை மீட்டர் நீளம். 220 மெகாவாட் உலை ஒன்றுக்குள் 306 தடங்கள், தடத்துக்குப் பன்னிரண்டு கட்டுகள்.

அந்தக் குழாய் உலோகத்தைப் பற்றித் தமிழர்களாகிய நமக்கு ஒரு வார்த்தை. அது சிர்கோனியம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்கான் என்ற கனிமத்திலிருந்து வருகிறது. தூத்துக்குடி அருகே பழையகாயலில் சிர்கோனியம் தயாரிக்கும் ஆலை ஒன்று இருக்கிறதே, அது இந்த ஐதராபாத் வளாகத்தின் கிளைதான். சிர்கோனியத்தோடு ஹாஃப்னியம் என்ற இன்னொரு உலோகம் எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும். இரண்டும் வேதியியலில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் சிர்கோனியம் நியூட்ரானை வழிவிட்டு அனுப்பும், ஹாஃப்னியமோ விழுங்கிவிடும். பிரிக்காமல் விட்டால் உலை எரியாது. இப்படிப் பிரித்தெடுக்கும் நுட்பத்தை யாரும் நமக்குக் கைபிடித்துக் கற்றுத் தரவில்லை. நம் ஆட்கள் தாங்களே முயன்று பெற்று, உலகம் கதவைச் சாத்திய பின்னும் காத்து வந்த திறமை அது. அந்த உழைப்பின் மீது எனக்குள்ள மரியாதையைச் சொல்லிவிட்டே மேலே பேச விரும்புகிறேன். பின்னால் நான் சொல்லும் விமர்சனம் அந்த உழைப்பாளிகள் மீதானது அல்ல.

கதவு ஏன் சாத்தப்பட்டது?

1953 டிசம்பர் 8 அன்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஐ.நா. சபையில் அமைதிக்கான அணு என்ற திட்டத்தை அறிவித்தார். அணு நுட்பத்தைத் தருகிறோம், மின்சாரத்துக்கும் மருத்துவத்துக்கும் பயன்படுத்துங்கள், குண்டு மட்டும் செய்யாதீர்கள் என்பது அதன் சாரம். அந்த அலையில்தான் 1956இல் கனடா நமக்கு ஓர் ஆராய்ச்சி உலையைத் தர ஒப்புக்கொண்டது. அமெரிக்கா கனநீர் கொடுத்தது. டிராம்பேயில் 1960இல் இயங்கத் தொடங்கிய அந்த உலைக்கு சைரஸ் என்று பெயர். அமைதிப் பணிக்கு மட்டும் என்று எழுதி வாங்கினார்கள். ஆனால் வந்து பார்க்கும் உரிமையைக் கேட்கவில்லை. அந்த உலையில் உண்டான புளூட்டோனியம்தான் 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்தது. நாம் அதை அமைதிக்கான அணு வெடிப்பு என்றோம். கனடா ஏற்கவில்லை, உதவியை நிறுத்திவிட்டுக் கிளம்பியது. அணுப் பொருள் விற்கும் நாடுகள் 1975இல் லண்டனில் கூடி ஒரு குழு அமைத்தன. அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு என்று நாம் செய்தித்தாளில் படிப்பது அதுதான். இந்தியாவின் ஒரு வெடிப்பால் பிறந்த குழு. இன்றும் அதில் இந்தியா உறுப்பினர் இல்லை.

இதில் நியாயம் யார் பக்கம் என்று கேட்டால் என் பதில் நேரானது. 1968இல் கையெழுத்துக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967 ஜனவரி 1க்கு முன் வெடித்துப் பார்த்தவர்களை ஆயுத நாடுகள் என்று ஏற்றுக்கொண்டது, மற்றவர்களை வாழ்நாள் முழுவதும் கைகட்டி நிற்கச் சொன்னது. அந்தப் பாகுபாட்டை இந்தியா எதிர்த்தது சரி. ஆனால் அமைதிப் பணிக்கென்று வாங்கிய உலையிலிருந்து வெடிபொருள் எடுத்ததைச் சரி என்று என்னால் சொல்ல முடியாது. அதற்கான விலையைக் கொடுத்தவர்களில் இந்த ஊர்த் தொழிலாளர்களும் உண்டு.

எப்படி என்று சொல்கிறேன். மகாராஷ்டிரத்தின் தாராப்பூரில் 1969இல் இரண்டு அமெரிக்க உலைகள் இயங்கத் தொடங்கின. அவற்றுக்குச் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். 1963 ஒப்பந்தப்படி அது அமெரிக்காவிலிருந்து சேர்மமாக ஐதராபாத்துக்கு வரும், என்.எஃப்.சி.யில் எரிபொருளாகி தாராப்பூர் போகும். 1978இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது: தன் அணு நிலையங்கள் அனைத்தையும் பன்னாட்டு ஆய்வுக்குத் திறக்காத நாட்டுக்கு எரிபொருள் கிடையாது. 1980 மே மாதம் அந்நாட்டு அணு ஒழுங்கு ஆணையம் தாராப்பூருக்கான 38 டன்னை அனுப்ப மறுத்தது. அதிபர் கார்ட்டர் அந்த முடிவைத் தள்ளி அனுமதித்தார். பிரதிநிதிகள் சபை அவரை எதிர்த்தது. செப்டம்பரில் செனட் சபை 48க்கு 46 என்று, இரண்டே வாக்கு வித்தியாசத்தில், அவருக்குத் துணை நின்றது. பம்பாய்க்கு மின்சாரம் தரும் உலை ஓடுமா நிற்குமா என்பதை வாஷிங்டனில் இரண்டு பேர் தீர்மானித்தார்கள். 1982இல் இந்திரா காந்தியும் ரீகனும் பேசி, பிரான்ஸ் தரட்டும் என்று சமாளித்தார்கள். பிறகு சீனா, பிறகு ரஷ்யா. எரிந்து முடிந்த அமெரிக்க எரிபொருளை என்ன செய்வது என்ற சச்சரவு மட்டும் தீராமல் நீண்டது.

கனநீர் உலைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, நம் மண்ணின் யுரேனியமே போதும் என்று நம்பினோம். போதவில்லை. நம் தாது மிக ஏழை. தும்மலப்பள்ளிப் பாறையில் யுரேனியத்தின் பங்கு நூற்றுக்கு அரைக்கால்கூடத் தேறாது. கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தில் அது நூற்றுக்குப் பத்துக்கும் மேல். நல்லமலைக் காட்டில் யுரேனியம் தேடும் திட்டத்தை எதிர்த்து 2019இல் தெலங்கானா சட்டமன்றம் தீர்மானம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காட்டையும் அங்கே வாழும் செஞ்சு மக்களையும் கெடுத்து எடுக்கும் அளவுக்கு அங்கே பெருஞ்செல்வம் புதைந்திருக்கிறது என்று நான் நம்பவில்லை. 2007, 2008இல் நம் உலைகள் பாதித் திறனில் ஓடின. இயந்திரம் பழுதில்லை, ஆள் குறைவில்லை. எரிபொருள் இல்லை. கல்பாக்கத்திலும் அதே கதை.

இந்தப் பின்னணியில்தான் 2005 ஜூலை 18 அன்று மன்மோகன் சிங்கும் ஜார்ஜ் புஷ்ஷும் வெளியிட்ட கூட்டறிக்கையைப் படிக்க வேண்டும். பேரம் இதுதான். இந்தியா தன் அணு நிலையங்களைப் படைத்துறை சார்ந்தவை, குடிமக்களுக்கானவை என்று பிரிக்கும். குடிமக்கள் பகுதியை, வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வுக்குத் திறக்கும். பதிலுக்கு உலகச் சந்தையில் யுரேனியம் வாங்கலாம். அன்றிருந்த கணக்கில் 22 உலைகளில் 14 ஆய்வுக்குள், 8 வெளியே. 2008 செப்டம்பர் 6 அன்று வியன்னாவில் 45 நாடுகள் கொண்ட அந்த அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு இந்தியாவுக்கு விலக்கு அளித்தது. ஆஸ்திரியா, அயர்லாந்து, நியூசிலாந்து போன்றவை கடைசி மணிநேரம் வரை தயங்கின. முந்தின நாள் வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி, இனிச் சோதனை செய்வதில்லை என்ற நம் தன்விருப்ப உறுதியை மறுபடி வெளியிட்ட பிறகே அவை இணங்கின. பிரான்ஸ் 300 டன் யுரேனியம் விற்க ஒப்பந்தம் செய்தது. ரஷ்யா, கசகஸ்தான், பின்னர் 2015இல் கனடாவே வந்தது. 1974இல் கோபித்துக்கொண்டு போன அதே கனடா, 41 ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 3,200 டன்னுக்கு ஒப்பந்தம் போட்டது.

இப்போது மௌலா அலி மதிலுக்குள் திரும்பிப் போவோம். வெளிநாட்டு யுரேனியம் வந்தால் அதைக் கையாளும் ஆலையை முகமை பார்க்க வேண்டும். உள்நாட்டு யுரேனியத்தைக் கையாளும் ஆலையை நாம் காட்ட விரும்பவில்லை. ஆகவே வளாகத்தையே பிரித்தார்கள். ஏ பிளாக்கின் யுரேனிய ஆக்சைடு ஆலை, வில்லை செய்யும் பகுதி, கட்டுகள் சேர்க்கும் பகுதி, செறிவூட்டிய யுரேனியத்துக்கான ஆலைகள் ஆகியவை ஆய்வுக்குள். மற்றவை வெளியே. அதே அமிலம், அதே உலைச்சூடு, அதே வில்லை. ஒரு பக்கம் ஒவ்வொரு கிலோவும் வியன்னாவுக்குக் கணக்குக் காட்டப்படுகிறது. இன்னொரு பக்கம் கணக்கு டெல்லியோடும் மும்பையோடும் நின்றுவிடுகிறது.

ஆய்வு என்றால் நடப்பது என்ன? வெள்ளைக்காரர் ஒருவர் வந்து குடைந்து வேவு பார்ப்பதாக ஒரு கற்பனை நம்மிடம் உண்டு. உண்மையில் அது கணக்குப்பிள்ளையின் வேலை. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, இருப்பு எவ்வளவு. பெட்டகங்களுக்கு முத்திரை, வாசல்களுக்குக் கேமரா, எடுத்த மாதிரிகளுக்கு ஆய்வுக்கூடச் சோதனை. முகமை வைத்திருக்கும் அளவுகோல் இது: 8 கிலோ புளூட்டோனியம், அல்லது உயர் செறிவு யுரேனியத்தில் 25 கிலோ யுரேனியம்-235, அல்லது 10 டன் இயற்கை யுரேனியம். ஒரு குண்டு உருவாகக்கூடிய அளவு என்று இவற்றை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறார்கள். நூற்றுக்கணக்கான டன் புழங்கும் ஆலையில் குழாயில் ஒட்டியது, வடிகட்டியில் தங்கியது, கழிவுநீரில் போனது, உடைந்த வில்லை என்று எப்போதும் ஒரு வித்தியாசம் விழும். அந்த வித்தியாசம் எடையின் பிழையா, கையாடலா என்று சொல்லக்கூடிய கணக்குத்தான் அணு ஆயுதப் பரவலுக்கு எதிராக மனிதகுலம் கண்டுபிடித்த ஒரே நம்பகமான வேலி. வேறு எதுவும் இல்லை.

கனநீர் உலையில் இதற்கு முக்கியத்துவம் இன்னும் கூடுதல். மற்ற வகை உலைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தித்தான் எரிபொருள் மாற்ற முடியும். கனநீர் உலையில் ஓடும்போதே ஒரு முனையில் புதுக்கட்டை நுழைத்து மறுமுனையில் பழையதை வெளியே எடுக்கலாம். ஒரு கட்டு உலைக்குள் எத்தனை காலம் இருந்தது என்பதைப் பொறுத்து அதிலுள்ள புளூட்டோனியத்தின் தன்மை மாறும். சீக்கிரம் எடுத்தால் ஆயுதத்துக்கு ஏற்றது, வழக்கமான காலம் விட்டால் அவ்வளவு ஏற்றதல்ல. ஆகவே உலகம் கேட்பது நியாயமான கேள்வி. ஆய்வுக்கு வெளியே நிற்கும் எட்டு உலைகள் மின்சாரத்துக்கு மட்டும்தானா?

அந்த எட்டு எவை? கைகாவில் நான்கு, தாராப்பூரில் பிந்தைய இரண்டு, கல்பாக்கத்தில் இரண்டு. கூடங்குளம் உள்ளே இருக்கிறது, ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் 1988இல் கையெழுத்திட்டபோதே ஆய்வு உறுதியாகிவிட்டது. தமிழ்நாட்டின் ஒரே கடற்கரையில் ஒரு நிலையம் உலகத்தின் கணக்கில், இன்னொன்று வெளியே. கல்பாக்கத்தின் வேக ஈனுலையும் வெளியேதான். 2006இல் அதை உள்ளே சேர்க்கச் சொல்லி அமெரிக்கா வற்புறுத்தியபோது அணுசக்தித் துறைத் தலைவராக இருந்த அனில் ககோட்கர் உறுதியாக மறுத்தார். புதிய நுட்பம், இன்னும் முதிராதது, வெளியார் தலையீடு வேண்டாம் என்ற அவருடைய வாதத்தில் அப்போது வலு இருந்தது. இருபது ஆண்டுக்குப் பிறகும் அதே வலு இருக்கிறதா என்பதுதான் என் ஐயம்.

என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். மின்சாரத்துக்கென்று ஐதராபாத்தில் தயாராகும் எரிபொருள் அனைத்தையும், அது கடப்பை மண்ணானாலும் கசகஸ்தான் மண்ணானாலும், இந்தியா தானே முன்வந்து ஒரே கணக்கில் கொண்டுவர வேண்டும். யாருடைய வற்புறுத்தலுக்காகவும் அல்ல.

உடனே ஒரு கேள்வி எழும். அதைக் கேட்பவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஐந்து வல்லரசுகள் வாக்குக் காப்பாற்றினார்களா? அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவில் ஆயுதக் குறைப்புக்கு நேர்மையாகப் பேசுவோம் என்றார்கள். அமெரிக்காவையும் ரஷ்யாவையும் கட்டிய கடைசி ஒப்பந்தத்தின் காலமும் 2026 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. அவர்கள் பூட்டைத் திறக்காதபோது நாம் ஏன் திறக்க வேண்டும்?

அவர்கள் வாக்குத் தவறினார்கள், மறுக்கவில்லை. ஆனால் பிரான்ஸைப் பாருங்கள். அது ஆயுத நாடு. ஆனாலும் அதன் குடிமக்கள் பகுதியின் அணுப்பொருள் முழுவதும், உள்நாட்டில் கிடைத்ததோ இறக்குமதியோ, ஐரோப்பிய அணுசக்திச் சமூகத்தின் கணக்கில் இருக்கிறது. ஆயுதத்துக்கான பொருளின் கணக்கு வேறு, மின்சாரத்துக்கான பொருளின் கணக்கு வேறு. நம்மிடமும் ஆயுதப் பணிக்கென்று டிராம்பேயில் துருவா உலை 1985 முதல் இருக்கிறது. நிலையங்களைப் பிரிக்கும் திட்டப்படி சைரஸை 2010 முடிவில் மூடியே விட்டோம். மின் உலைகளை வெளியே நிறுத்தி வைத்து நாம் பெறுவது என்ன? ஐயம் மட்டும். அந்த ஐயத்தைப் பாகிஸ்தான் தன் உற்பத்தியைப் பெருக்கக் காரணமாகச் சொல்கிறது. பிறகு அதைக் காரணமாக்கி நாம் பேசுகிறோம்.

கணக்கு அறுந்து போனால் என்ன ஆகும் என்று காட்ட இன்னொரு நகரம் இருக்கிறது. ஈரானின் இஸ்ஃபஹான். மஞ்சள் தூளை எரிபொருளுக்கான சேர்மமாக மாற்றும் ஆலையும், எரிபொருள் செய்யும் ஆலையும் அங்கேதான் இருந்தன. ஐதராபாத்துக்கு நிகரான தொழில் ஊர். 2015 உடன்பாட்டில் ஈரான் 3.67 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டது, ஆய்வாளர்கள் உள்ளே இருந்தார்கள், கணக்கு நேராக இருந்தது. 2018 மே மாதம் அமெரிக்கா அந்த உடன்பாட்டை உதறியது. 2021இல் ஈரான் 60 சதவீதத்துக்குப் போனது. 2025 ஜூன் மாதம் இஸ்ரேலும், பிறகு அமெரிக்காவும் நதான்ஸையும் ஃபோர்தோவையும் இஸ்ஃபஹானையும் குண்டு வீசித் தாக்கின. தாக்குதலுக்கு முன் 60 சதவீதச் செறிவுள்ள யுரேனியம் 440 கிலோ இருந்ததாக முகமை கணக்கிட்டிருந்தது. தாக்குதலுக்குப் பின் ஆய்வாளர்கள் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்த 440 கிலோ எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் பார்த்துச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. குண்டு கட்டடத்தை உடைத்தது, கூடவே கணக்கையும் உடைத்தது. அந்த ஆலைகளைச் சுற்றியும் குடியிருப்புகள் இருக்கின்றன, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள். என்.எஃப்.சி.க்குப் பக்கத்தில் குஷாய்குடாவில் வீடு வைத்திருக்கும் நமக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றக்கூடாது.

இந்த இடத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியாக வேண்டும், அதை யாரும் பேசுவதில்லை. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று ராஜீவ் காந்தியும் பெனசீர் பூட்டோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 1992 தொடங்கி ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போர் நடந்தது, மும்பைத் தாக்குதல் நடந்தது, 2025 மே மாதம் ஏவுகணைகள் பறந்தன. பட்டியல் மட்டும் நிற்கவில்லை. பகைவனிடமே ஒரு கணக்கைக் காட்டிப் பழகிய நாடு நாம். வியன்னாவிடம் காட்டுவதில் மானக்கேடு எங்கிருந்து வரும்?

அவசரம் ஏன் என்று கேட்கலாம். 2047க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின்சாரம் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. 2025இல் நம்மிடம் இருந்தது ஏறத்தாழ 8,800. அந்த இலக்கை எட்ட முடியுமா என்பது தனி விவாதம், எனக்கு ஐயம் உண்டு. ஆனால் அதற்காக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம், 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தையும் நீக்கிவிட்டுத் தனியார் நிறுவனங்கள் அணுமின் நிலையம் கட்டி நடத்த வழிவிட்டிருக்கிறது. இதுவரை அணுப்பொருள் அரசின் ஒரே கையில் இருந்தது. இனிப் பல கைகள். பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ. க்யூ. கானின் கள்ளச் சந்தை அரசுகளுக்கு இடையே மட்டும் ஓடவில்லை, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்த தனியார் பட்டறைகள், தரகர்கள் வழியாக லிபியா வரை போய்ச் சேர்ந்தது என்பதை 2004இல் உலகம் பார்த்தது. பல கைகள் வரும் முன்னே கணக்கு ஒன்றாக வேண்டும்.

புதிய சட்டம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத் தகுதி கொடுத்திருக்கிறது. 1983 முதல் வெறும் அரசாணையில் நின்ற அமைப்புக்கு அது நல்ல மாற்றம். நம் வாரியமும் முகமையும் ஒரே ஏட்டைப் பார்க்கட்டும். முதல் படியாக, ஆய்வுக்கு வெளியே உள்ள எட்டில் மூத்தவையான கல்பாக்கத்தின் இரண்டு உலைகளையும், அவற்றுக்குக் கட்டுகள் செய்யும் ஐதராபாத் ஆலைப் பகுதியையும் முகமையோடு இந்தியா 2009இல் செய்துகொண்ட கண்காணிப்பு உடன்பாட்டின் பட்டியலில் சேர்க்கலாம். புது ஒப்பந்தம் தேவையில்லை. அந்த உடன்பாட்டிலேயே, இந்தியா எந்த நிலையத்தையும் தானாக அறிவித்துச் சேர்க்க வழி வைத்திருக்கிறது. பதினான்கு உலைகளும் ஒவ்வொன்றாக அப்படித்தான் சேர்ந்தன. டெல்லியிலிருந்து வியன்னாவுக்கு ஒரு கடிதம் போனால் போதும். அதை எழுதச் சொல்லி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், நானும் என் தொகுதி உறுப்பினரிடம் கேட்கிறேன்.